காரணத்தை நிரூபிக்க வேண்டியது யார்? விமானப் பயணியின் உரிமைகள்

2012 மே 11. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்-பான் விமான நிலையத்துக்குப் போக வேண்டிய ஜெர்மன்விங்ஸ் விமானம் 3 மணி 10 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. வழியில் கொஞ்சம் நேரத்தை ஈடுகட்டியது. சக்கரம் ஓடுதளத்தைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். ஊர்ந்து வந்து நிறுத்துமிடத்தில் நின்றபோது 3 மணி 3 நிமிடம். அதற்குச் சற்று நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தார்கள்.

இந்த ஐந்து நிமிட வித்தியாசம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தாமதம் மூன்று மணி நேரத்தைத் தொட்டிருந்தால் பயணிக்கு 250 யூரோ, தொடவில்லை என்றால் ஒன்றும் கிடையாது. சக்கரம் தரையைத் தொட்டதுமே வந்து சேர்ந்தாயிற்று என்றது நிறுவனம். 2014 செப்டம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விமானத்துக்குள் இருக்கும்வரை பயணி ஒரு மூடிய இடத்தில், நிறுவனத்தின் சொற்படி இருக்கிறார். வழக்கம்போல வெளியே யாரோடும் பேச முடியாது, தன் வேலையைப் பார்க்க முடியாது. அந்தக் கட்டு அவிழ்வது கதவு திறக்கும்போதுதான். ஆகவே ஒரு கதவாவது திறந்து, இனி இறங்கலாம் என்ற நிலை வருகிற நேரம்தான் வந்து சேர்ந்த நேரம் என்று தீர்ப்பு வந்தது.

விமானப் பயணிகளின் உரிமை பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான். நேரத்தை நிறுவனத்தின் கடிகாரத்தில் பார்க்காமல், உள்ளே அடைபட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரின் பக்கத்திலிருந்து பார்த்த தீர்ப்பு இது. உலகின் விமானப் பயணச் சட்டங்களில் பலவும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதப்பட்டிருக்கின்றன. முக்கியமாக, “எங்கள் மீது தப்பில்லை” என்று நிரூபிக்கும் பொறுப்பை அவை நிறுவனத்தின் தோளில் வைத்திருக்கின்றன. ஆனால் கவுன்ட்டர் முன்னால் நிற்கும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. களைத்துப்போன பயணி ஆதாரம் தேடி அலைகிறார். எல்லாத் தகவலையும் கையில் வைத்திருக்கும் நிறுவனம் ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறது.

சரி, இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன?

1929-ல் வார்சாவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அன்றைக்கு விமானத் தொழில் தவழும் குழந்தை. ஒரு விபத்து நடந்தால் நிறுவனமே மூழ்கிவிடும். அதனால் அந்த உடன்படிக்கை இரண்டு பக்கத்தையும் கட்டிப்போட்டது. பயணிக்குப் பாதிப்பு ஏற்பட்டால் நிறுவனத்தின் பொறுப்பு என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும், மறுப்பது நிறுவனத்தின் வேலை. அதற்கு ஈடாக இழப்பீட்டுத் தொகைக்கு உச்சவரம்பு. அந்த வரம்பைத் தங்க பிராங்க் கணக்கில் எழுதினார்கள். பெட்டிக்குக் கிலோவுக்கு 250 பிராங்க். விமான நிறுவனங்கள் பிற்பாடு பெரிதாக வளர்ந்துவிட்டன, வரம்பு மட்டும் அப்படியே தேங்கி நின்றது. எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகு 1999-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 2003 நவம்பர் 4 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2009 முதல். இன்று சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலும், தாமதத்தால் கைக்காசு செலவானாலும், காயம் பட்டாலும் பெரும்பாலான நாடுகளில் பேசப்படுவது இந்த உடன்படிக்கைதான்.

இதில் பணம் எஸ்டிஆர் என்ற அலகில் இருக்கும். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது. விலைவாசியைப் பார்த்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரம்பைத் திருத்த வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே இருக்கிறது. கடைசியாக 2024 டிசம்பர் 28-ல் உயர்ந்தது. இப்போது தாமதத்தால் ஏற்படும் இழப்புக்கு ஒரு பயணிக்கு 6,303 எஸ்டிஆர் வரை, பெட்டிக்கு 1,519 எஸ்டிஆர் வரை. பெட்டிக்கான தொகை சுமார் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இது ஒரு பெட்டிக்கான வரம்பு கிடையாது, ஒரு பயணிக்கானது. இரண்டு பெட்டி தொலைந்தாலும் அதே வரம்புதான். அடுத்து, இது உச்சவரம்பு மட்டுமே. தொலைந்தது என்ன, அதன் மதிப்பு என்ன என்று காட்டினால்தான் அந்த அளவுக்குக் கிடைக்கும்.

தாமதத்துக்கும் இதே கதைதான். மான்ட்ரியல் உடன்படிக்கையில் “இத்தனை மணி நேரம் தாமதமானால் இவ்வளவு” என்ற பட்டியல் இல்லை. தவறவிட்ட ஓட்டல் முன்பதிவு, மறுபடி வாங்கிய டிக்கெட், டாக்ஸிக் கட்டணம் என ரசீதோடு காட்டக்கூடிய இழப்புக்குத்தான் பணம். நியாயமாக எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் அதுவும் இல்லை. நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான் என்பதை இங்கேயும் மறந்துவிடக் கூடாது.

பட்டியல் போட்டுத் தொகையை நிர்ணயித்தது ஐரோப்பிய ஒன்றியம். 261/2004 என்ற எண் கொண்ட அந்த விதி 2005 பிப்ரவரி 17 முதல் அமலில் இருக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, அதையும் தாண்டினால் பொதுவாக 600. டிக்கெட் எந்த விலைக்கு வாங்கியிருந்தாலும் தொகை மாறாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போகும் விமானம் என்றால் ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் பலர் இடறி விழுகிறார்கள். ஒரே வழித்தடம், ஒரே நாள், ஒரே தாமதம். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும்போது உரிமை இருக்கும், அங்கே போகும்போது ஐரோப்பாவைச் சேராத நிறுவனத்தின் சீட்டு என்றால் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அந்த விதியில் நேரடியாகப் பணம் எழுதியிருந்தது ரத்தானதற்கும், சீட்டு இருந்தும் ஏற்ற மறுத்ததற்கும் மட்டும்தான். தாமதத்துக்கு உணவும் தங்குமிடமும் என்றுதான் இருந்தது. 25 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தவரையும், விமானம் ரத்தாகி மறுநாள் போய்ச் சேர்ந்தவரையும் எப்படி வேறு வேறாக நடத்துவது என்ற கேள்வி எழுந்தது. 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இருவரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் என்றது. மூன்று மணி நேரம் என்ற கோடு அப்படித்தான் பிறந்தது.

அந்தக் கோட்டைத் தாண்டியவுடன் பேச்சு முழுக்கக் காரணத்தின் மேல் திரும்பிவிடும். அசாதாரணச் சூழ்நிலை என்று நிரூபித்தால் நிறுவனம் பணம் தர வேண்டாம். அதனால் கவுன்ட்டரில் முதலில் கேட்பது இரண்டு சொற்கள்: “டெக்னிக்கல் ப்ராப்ளம்.” கேட்டவுடனே பலர் ஒதுங்கிவிடுவார்கள். பாதுகாப்பு விஷயம், பழுதான விமானத்தில் பறக்கச் சொல்ல முடியுமா என்று நினைப்பார்கள். பறக்கச் சொல்ல வேண்டாம். ஆனால் பழுது என்பது விமானம் ஓட்டும் தொழிலில் அன்றாடம் நடக்கக்கூடியது, அதைச் சமாளிப்பது அந்தத் தொழிலின் பகுதி என்று 2008-ல் அலிட்டாலியா வழக்கிலும் 2015-ல் கேஎல்எம் வழக்கிலும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேஎல்எம் வழக்கில், முன்கூட்டித் தெரியாமல் திடீரென்று ஒரு பாகம் பழுதானதுகூட அசாதாரணம் ஆகவில்லை. பறவை மோதினால் அது அசாதாரணம் என்று 2017-ல் தீர்ப்பு. சொந்த விமானிகளே சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தால் அது நிறுவனத்தின் உள்விவகாரம், அசாதாரணம் ஆகாது என்று 2021-ல் எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பு.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டதே, அதைவிட அசாதாரணம் எது? அப்போதும்கூட, தவித்து நின்ற பயணிக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கும் கடமை நிற்காது, அதற்கு நாள் வரம்பும் பண வரம்பும் இல்லை என்று 2013-ல் ரயன்ஏர் வழக்கில் முடிவானது. இழப்பீடு வேறு, பராமரிப்பு வேறு. வானிலை சரியில்லை என்று சொன்னவுடன் இரண்டையும் சேர்த்துக் கைகழுவிவிடுகிற பழக்கம் இருக்கிறது. இழப்பீடு போகலாம். சாப்பாடும் படுக்கையும் போகாது.

காரணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. விமான நிறுவனங்கள் தாமதத்துக்குக் காரணத்தை உள்ளுக்குள் எண்களாகக் குறித்துவைக்கின்றன. உலகம் முழுக்க ஒரே மாதிரியான இரண்டிலக்கக் குறிகள். 41 என்றால் விமானத்தில் பழுது. எழுபதுகளில் வருபவை வானிலை. 93 என்றால், இந்த விமானம் முந்தைய பயணத்திலிருந்தே தாமதமாக வந்து சேர்ந்தது என்று பொருள். குறுந்தூர விமானம் ஒன்று ஒரே நாளில் நாலைந்து தடவை பறக்கும். ஒவ்வொரு முறையும் தரையில் நிற்பது முக்கால் மணி நேரம்கூட இருக்காது. காலையில் முதல் பயணத்தில் ஒரு மணி நேரம் போனால் அது இரவு வரை பின்னால் வந்துகொண்டே இருக்கும். நடுவில் பணியாளர்களின் வேலை நேர வரம்பு முடிந்துவிட்டால் விமானம் அப்படியே நின்றுவிடும். ஐரோப்பாவில் தாமதத்தின் மிகப்பெரிய பங்கு இந்தத் தொடர் தாமதம்தான். ஆக, இரவு 9 மணிக்கு நம்மிடம் சொல்லப்படும் “வானிலை”, காலை 7 மணிக்கு வேறொரு ஊரில் பெய்த மழையாக இருக்கலாம். அந்தப் பதினான்கு மணி நேரத்தில் மாற்று விமானமோ மாற்றுப் பணியாளரோ ஏற்பாடு செய்ய முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம். கவுன்ட்டரில் சண்டை போடுவதைவிட, “தாமதத்துக்குக் காரணம் என்ன, தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவது ஆயிரம் மடங்கு பயன் தரும்.

இந்த மூன்று மணி நேரக் கோடு அப்படியே நிலைக்குமா என்பது அரசியல் விஷயமாகிவிட்டது. 3,500 கிலோமீட்டர் வரை 4 மணி நேரம், அதற்கு மேல் 6 மணி நேரம் என்று மாற்ற வேண்டும் என 2025 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் நிலைப்பாடு எடுத்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. நான் நாடாளுமன்றத்தின் பக்கம். நான்கு மணி நேரம் என்று வந்தால் இன்று கிடைக்கும் இழப்பீடுகளில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். மூன்றரை மணி நேரம் தாமதமாவதைத் தடுக்க நிறுவனத்துக்கு இருக்கும் அவசரமும் சேர்ந்தே போய்விடும்.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. தாமதத்துக்கு அங்கே சட்டப்படி இழப்பீடு இல்லை. ஆனால் ரீஃபண்ட் விஷயத்தில் 2024-ல் கொண்டுவந்த விதி மிகத் தெளிவாக இருக்கிறது. விமானம் ரத்தானாலோ, உள்நாட்டில் 3 மணி நேரம், சர்வதேசப் பயணத்தில் 6 மணி நேரம் என நேரம் மாறினாலோ, பயணி அந்தப் பயணமே வேண்டாம் என்று சொன்னால், கேட்காமலேயே பணம் திரும்ப வர வேண்டும். கிரெடிட் கார்டு என்றால் 7 வேலை நாட்கள், மற்ற வழிகளுக்கு 20 நாட்கள். இது ஏன் தேவைப்பட்டது என்பது 2020-ல் டிக்கெட் வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். கொரோனா காலத்தில் பறக்காத விமானத்துக்குப் பணத்துக்குப் பதிலாக வவுச்சரைக் கொடுத்து அனுப்பினார்கள். 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆறு நிறுவனங்களிடமிருந்து 60 கோடி டாலருக்கு மேல் பயணிகளுக்குத் திரும்பக் கிடைக்க வைத்தது. நிறுவனம் தானே ரத்து செய்தால் வவுச்சரை ஏற்பது நம் விருப்பம், கட்டாயம் கிடையாது. அதிகத் தொகைக்கு வவுச்சர் தருகிறார்கள், சீக்கிரமே மறுபடி பறக்கப் போகிறோம் என்றால் வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வவுச்சரை ஏற்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். அழுத்தினால் பணம் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

ஓவர்புக்கிங் கதையும் அமெரிக்காவிலிருந்து வருவதுதான். இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்பது அங்கே சட்டவிரோதம் இல்லை, பல நாடுகளிலும் இல்லை. சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கு. கணக்கு தப்பினால் யாரோ ஒருவர் வெளியே நிற்க வேண்டும். 1972-ல் அப்படி நின்றவர்களில் ஒருவர் ரால்ஃப் நேடர். கார் பாதுகாப்புக்காகப் போராடி ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர். அலெகெனி ஏர்லைன்ஸ் மீது வழக்குப் போட்டார். 1976-ல் உச்ச நீதிமன்றம், அளவுக்கு மீறி விற்கிறோம் என்பதை மறைத்ததற்காக வழக்குத் தொடுக்க அவருக்கு உரிமை உண்டு என்றது. அதே காலத்தில் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் ஒரு யோசனையை விடாமல் சொல்லிவந்தார்: நிறுவனம் தன் இஷ்டத்துக்கு யாரையோ இறக்கிவிடுவதற்குப் பதிலாக, என்ன கொடுத்தால் இறங்குவீர்கள் என்று பயணிகளிடமே கேட்கலாமே? 1968-ல் அதை எழுதியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970-களின் முடிவில் அதுவே விதியானது. இன்று கேட் அருகே “விருப்பப்பட்டு அடுத்த விமானத்தில் போகிறவர்களுக்கு...” என்று அறிவிப்பு கேட்கிறதே, அது அவருடைய யோசனைதான்.

அந்த முறை கைவிடப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரல் 9-ல் உலகமே பார்த்தது. சிகாகோவிலிருந்து லூயிவில் போகும் யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானத்தில் நிறுவனத்தின் பணியாளர்கள் நால்வருக்கு இடம் தேவைப்பட்டது. வவுச்சர் தருகிறோம் என்றபோது யாரும் முன்வரவில்லை. தொகையைக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் யாரோ ஒருவர் எழுந்திருப்பார். மாறாக, ஏற்கெனவே இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு மருத்துவரைப் பாதுகாவலர்கள் நடைபாதை வழியே தரதரவென்று இழுத்துப் போனார்கள். முகத்தில் ரத்தம். போர்டிங் பாஸை ஸ்கேன் செய்து ஏறிவிட்ட பயணியை ஓவர்புக்கிங் காரணமாக இறக்கக் கூடாது என்று பிறகு அமெரிக்க விதியில் எழுதினார்கள். இந்தியாவில் விருப்பமில்லாமல் ஏற்ற மறுக்கப்பட்டவருக்கு, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராவிட்டால், 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் 10,000 ரூபாய் வரை, அதைத் தாண்டினால் 20,000 ரூபாய் வரை என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2016-ல் நிர்ணயித்தது. எந்த நாடாக இருந்தாலும் ஒரு சொல் முக்கியம்: விருப்பமில்லாமல். பதற்றத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, அதில் “விருப்பத்துடன்” என்று இருந்தால், சட்டத் தொகை போய்விடும்.

விமானத்துக்குள்ளேயே அடைத்துவைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்டில் ஹூஸ்டனிலிருந்து மினியாபொலிஸ் போன ஒரு சிறிய விமானம் இடிமழையால் ரோச்செஸ்டரில் இறங்கியது. 47 பயணிகள். முனையக் கட்டடம் ஜன்னல் வழியாகத் தெரிகிற தூரத்தில் இருந்தது. இரவு முழுக்க, சுமார் ஆறு மணி நேரம், யாரையும் இறங்க விடவில்லை. கழிப்பறை நிரம்பிவிட்டது, குழந்தைகள் அழுதபடி இருந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே விதி வந்தது: உள்நாட்டு விமானம் தரையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணிகளை அடைத்துவைக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீரும் உணவும் கொடுக்க வேண்டும். சர்வதேச விமானத்துக்கு நான்கு மணி நேரம் என்பது 2011-ல் சேர்ந்தது.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். நான் நேரில் பட்ட பாடு இது.

ஒருமுறை நள்ளிரவு தாண்டி இறங்கினேன். கன்வேயர் பெல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டம் கரைந்தது. கடைசியில் யாருடையதோ ஒரு நீலப் பை மட்டும் மூன்று சுற்று வந்தது, அப்புறம் பெல்ட் நின்றுவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பையன் பாவம், அவனுக்கும் தூக்கம். “நாளைக்கு வந்துடும் சார், போன் நம்பர் மட்டும் குடுத்துட்டுப் போங்க” என்றான். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறும் கதவு வரை வந்துவிட்டேன். எனக்கு முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு வயதான அம்மா திரும்பிப் பார்த்து, “பேப்பர் வாங்கினீங்களா தம்பி? அது இல்லாம வெளியே போயிடாதீங்க” என்றார். திரும்பிப் போய் நின்றேன். கால் மணி நேரம் ஆனது. ஆனால் ஒரு தாள் கைக்கு வந்தது.

அந்தத் தாளின் பெயர் பிஐஆர். பெட்டி வரவில்லை அல்லது உடைந்து வந்தது என்று விமான நிறுவனம் பதிவு செய்யும் அறிக்கை. அதில் எழுத்தும் எண்ணுமாகப் பத்து இடம் கொண்ட ஒரு குறி இருக்கும்: விமான நிலையத்துக்கு மூன்று எழுத்து, நிறுவனத்துக்கு இரண்டு, அப்புறம் ஐந்து எண். அந்தக் குறி வேர்ல்ட்ட்ரேசர் என்ற உலகளாவிய தேடல் அமைப்புக்குள் போகும். செக்-இன் செய்தபோது போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தந்த சிறு துண்டில் இன்னொரு பத்து இலக்க எண் இருக்கும். அது பெட்டியின் கைப்பிடியில் இருக்கும் டேக்கின் எண். இந்த இரண்டு எண்ணும் சந்தித்தால்தான் பெட்டி கிடைக்கும். 2018 ஜூனிலிருந்து, பெட்டியை வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, விமானம் மாற்றும்போது, திருப்பித் தரும்போது என நான்கு இடத்தில் தடம் பதிய வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் சர்வதேச அமைப்பான ஐயாட்டாவின் ஏற்பாடு. ஆகவே “எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை” என்று சொன்னால், கடைசியாக எங்கே பதிவானது என்று கேட்கலாம்.

என் பெட்டி நான்காம் நாள் வந்தது. ஒரு சக்கரம் இல்லை. இங்கே நான் கிட்டத்தட்டத் தவறு செய்திருப்பேன். பிஐஆர் போட்டாயிற்றே, அது போதும் என்று நினைத்தேன். போதாது. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதம் என்றால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். இந்தக் கெடு தாண்டினால் வழக்கே நிற்காது. பிஐஆர் நடந்ததற்குச் சாட்சி, புகாராக அதை நம்பி இருந்துவிடக் கூடாது. நான்கு நாளும் நான் வாங்கிய பற்பசை, சட்டை, உள்ளாடை எல்லாவற்றின் ரசீதையும் வைத்து அனுப்பினேன். பணம் வர ஏழு வாரம் ஆனது. பெட்டி 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கொள்ளலாம்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஒருவர் பெயரில் போட்ட பெட்டியில் நால்வரின் துணியும் இருந்தால், ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி, தன் பொருள் அதில் இருந்தது என்று காட்டினால் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்கலாம். ஒருவர் வரம்புக்குள் நால்வரும் அடங்க வேண்டியதில்லை. அப்புறம், “இந்தப் பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று டிக்கெட் நிபந்தனையில் எழுதியிருப்பதைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். உடன்படிக்கை விதித்த பொறுப்பைக் குறைக்கும் எந்த ஒப்பந்த வரியும் செல்லாது என்று அதன் 26-ஆம் பிரிவு சொல்கிறது.

இந்தச் சட்டத்தில் என் மனத்தை மிகவும் உறுத்துவது சக்கர நாற்காலி. நடக்க முடியாத ஒருவருக்கு அது கால். விமானத்தில் ஏறும்போது அதை அவரிடமிருந்து வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புகிறார்கள். மான்ட்ரியல் கணக்கில் அது ஒரு பெட்டி. அதே 1,519 எஸ்டிஆர். உடல் அமைப்புக்கு ஏற்பச் செய்யப்பட்ட மின்சார நாற்காலியின் விலை இதைப் போலப் பல மடங்கு. அது உடைந்து வந்தால் அவர் விமான நிலையத்திலேயே சிறைப்பட்டுவிடுகிறார், பல வாரங்களுக்கு வீட்டிலும். அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் இந்த வரம்பு பொருந்தாது, வாங்கிய முழு விலை வரை தர வேண்டும். சர்வதேசப் பயணத்தில் ஒரு வழிதான் உண்டு: ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக எழுத்தில் அறிவிப்பது. அறிவித்தால் அந்தத் தொகைவரை நிறுவனம் பொறுப்பு, இதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம். இந்த வசதியைப் பற்றி செக்-இன் கவுன்ட்டரில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும். உலகம் இன்னும் சரிசெய்யாத அநீதி இது என்றே நான் நினைக்கிறேன்.

கனெக்‌ஷன் விமானம் பற்றிச் சுருக்கமாக. ஒரே முன்பதிவில் இரண்டு விமானம் இருந்தால் அது ஒரே பயணம். 2013-ல் ஏர் பிரான்ஸ் வழக்கில், பிரேமனிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியவர் அடுத்தடுத்த இணைப்புகளைத் தவறவிட்டு பராகுவேயின் அசுன்சியோனுக்கு 11 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கணக்கில் எடுத்தது அந்தக் கடைசித் தாமதத்தைத்தான். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட் வாங்கியிருந்தால், முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவது போய்விட்டது என்பது இரண்டாவது நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அவர்கள் பார்வையில் நீங்கள் வராத பயணி. போகும் பயணத்தை வேறு வழியில் போய்விட்டுத் திரும்பும் டிக்கெட்டை மட்டும் பயன்படுத்தலாம் என்று நினைப்பதும் ஆபத்து. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதியை ரத்து செய்யும் நிபந்தனை பெரும்பாலான டிக்கெட்டில் இருக்கிறது.

எல்லாம் முடிந்து எழுத உட்காரும்போது நீளமான கடிதம் வேண்டாம். பிஎன்ஆர் எண், விமான எண், தேதி. போட்டிருந்த நேரம், கதவு திறந்த நேரம். எந்தச் சட்டத்தின் கீழ் எவ்வளவு கேட்கிறீர்கள். காரணம் சொல்லி மறுத்தால் அதற்கான ஆதாரத்தையும் அனுப்புங்கள் என்று ஒரு வரி. போர்டிங் பாஸ், ரசீதுகளின் படம். அவ்வளவுதான். கதவு திறந்த நேரத்துக்கு, இருக்கையிலிருந்து எழும்போது செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும், நேரம் அதிலேயே பதிவாகிவிடும். முதல் பதில் பெரும்பாலும் மறுப்பாகத்தான் வரும். அதோடு நிறுத்திவிடாமல், நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு, நுகர்வோர் நீதிமன்றம் என்று அடுத்த படிகள் இருக்கின்றன. இழப்பீடு வாங்கித் தரும் தனியார் முகவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கிடைப்பதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். முதல் கடிதத்தை நாமே எழுதிப் பார்ப்பதுதான் சரி.

காலக்கெடுவும் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய விதியின் இழப்பீட்டுக்கு அந்தந்த நாட்டின் சட்டம்தான் அளவுகோல். ஜெர்மனியில் 3 ஆண்டு. ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகும் அதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கும் இங்கிலாந்தில் 6 ஆண்டு. மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் எந்த வழக்குக்கும் இரண்டே ஆண்டு. நிறுவனத்தோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அது நிற்காது. விமானம் போய்ச் சேர்ந்த நாள், அல்லது போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாள், அன்றிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடுகிறது.